பல்பை அமுக்கினால்தான் ஓடுகிறது

கேள்வி: ஐயா, எங்கள் ஃபைபர் படகில் இருப்பது அப்பா வாங்கிய 9.9 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின், வயது 15 ஆகிறது. மழைக்காலத்தில் ஒன்றரை மாதம் கரையில் சும்மா கிடந்தது. இப்போது இரண்டே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் முழு வேகம் கொடுத்தால் கொஞ்ச தூரத்தில் திணறி நின்றுவிடுகிறது. ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை விடாமல் அமுக்கினால் ஓடுகிறது. இப்படியே ஓட்டலாமா?
- ஒரு வாசகர், நாகை மாவட்டம்

பதில்: வேண்டாம் தம்பி. பெட்ரோல் பம்பு செய்யவேண்டிய வேலையை உங்கள் கை செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பம்புக்குள் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு உண்டு, கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள அறை) அழுத்தத்தில் துடித்துத் துடித்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுப்பது அதுதான். அது விறைத்துப்போனாலோ ஊசிமுனை அளவு கிழிந்தாலோ மெதுவாகப் போகும்போது சமாளிக்கும், வேகம் கூட்டினால் கைவிட்டுவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது, ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், அந்த நிலையில் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் டேங்குப் பக்கம் பாருங்கள். மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? ஓடும்போது பல்பு சப்பிப்போனால் அடைப்பு டேங்குப் பக்கம். எவ்வளவு அமுக்கியும் பல்பு கெட்டியாகவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ காற்று இழுக்கிறது, முதலில் கனெக்டரில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தைச் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஹோஸ். வெளியே நன்றாக இருந்த ஒரு ஹோஸை நீளவாக்கில் கீறிப் பார்த்தேன், உள்தோல் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. இன்ஜின் உறிஞ்சும்போது அந்தத் தோல் வழியை அடைக்கும், நின்றதும் விலகிக்கொள்ளும், கரையில் வைத்து எத்தனை முறை சோதித்தாலும் பிடிபடாது.

என்னைக் கேட்டால் டயாப்ரம், கேஸ்கட், ஹோஸ், பல்பு, ஓ-ரிங், ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, மாற்றிய தேதியை இன்ஜின் மூடிக்குள் பெயின்டால் எழுதிவையுங்கள். இந்த வயது இன்ஜினில் ரப்பர் சாமான்கள் கெடும்வரை காத்திருக்கக் கூடாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே சரி. கரையில் கெட்டால் அரை நாள் வேலை, காற்று கிளம்பிய பிறகு கடலில் கெட்டால் படகில் இருப்பவர்களின் உயிர் அல்லவா.

கேள்வி: பங்கில் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதாமே, பழைய இன்ஜினுக்கு ஆகுமா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: 2022-ல் 10 சதவீதம் இருந்தது, இப்போது 20. பழைய ரப்பரும் கேஸ்கட்டும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறிப்போய் இளகும் அல்லது வெடிப்பு விடும். அதைவிட எனக்குப் பயம் தண்ணீரில்தான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். இன்ஜின் இழுப்பது அடியிலிருந்து.

அதனால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள் (50:1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் கேட்கும் இன்ஜின் என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி), பழைய பெட்ரோலைக் கேனில் மிச்சம் வைக்காதீர்கள், நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று போடுங்கள். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் நல்ல தண்ணீர் டிரம்மில் ஐடிலில் ஓடவிட்டு, ஹோஸைக் கழற்றி, தானாக நிற்கும்வரை விடுங்கள். அதோடு முடியவில்லை, கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகையும் திறந்து மிச்சத்தைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர், டேங்கையும் கழுவ வேண்டும்.

கேள்வி: கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு ஓட்டையுள்ள ஜெட் அடைத்துக்கொண்டால், அதை ஸ்டவ் குத்தும் பின்னால் குத்தலாமா?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: கூடாது. ஓட்டை துளி பெரிதானாலும் கலவை மாறிவிடும். கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுங்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் புது ஜெட் வாங்கிவிடுங்கள்.