பாக்-மேன் கட்டுரையைச் செம்மைப்படுத்த எங்கிருந்து தொடங்குவது?

பாக்-மேன் (அதே பெயருள்ள பாத்திரம் பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்னும் வீடியோ ஆட்டம்) பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை நீளமாக இருந்தும் ஏன் நிறைவு தரவில்லை, அதை எங்கிருந்து திருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். நடையைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று உண்டா என்று பார்ப்பதே முதல் வேலை. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்டது, தோரு இவதானி வடிவமைத்தது போன்ற செய்திகளுக்குச் சான்று எளிதில் கிடைக்கும்.

உழைப்பைக் கோருவது 256ஆம் நிலை பற்றிய பத்திதான். "நினைவகம் தீர்ந்து ஆட்டம் நின்றுவிடும்" என்று எழுதியிருந்தால் அது தவறு. நிலையின் எண் எட்டு பிட்டுகளில் (கணினியின் 0, 1 இலக்கங்களில்), அதாவது 0 முதல் 255 வரை மட்டும், சேமிக்கப்படுகிறது. எண்ணிக்கை 0இல் தொடங்குவதால், 256ஆம் நிலையில் உள்ளே இருக்கும் எண் 255. திரையின் அடியில் நிலையைக் காட்டும் பழப் படங்களை வரையும் நிரல்பகுதி அதனுடன் ஒன்றைக் கூட்டும்போது, 256க்கு இடமில்லாததால் விடை 0 ஆகிவிடுகிறது. ஏழு பழங்களுக்கு மேல் வரையாமல் தடுக்கும் சோதனையை அந்த 0 தாண்டிவிட, வரைந்த பிறகே எண்ணைக் குறைத்துப் பார்க்கும் சுழற்சி, 0இல் ஒன்றைக் குறைத்தால் 255 ஆகிவிடுவதால், 256 முறை ஓடி, திரையின் வலப்பாதியைப் பொருளற்ற குறிகளால் நிரப்புகிறது. தின்ன வேண்டிய புள்ளிகள் போதிய அளவு இல்லாததால் அந்த நிலையை முடிக்க முடிவதில்லை; ஆட்டம் தானாக நிற்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாத கட்டுரையை நான் நல்ல கட்டுரை என்று ஏற்கமாட்டேன்.

பேய்கள் துரத்துகின்றன என்ற ஒற்றை வரியும் போதாது. சிவப்புப் பேய் பாக்-மேன் இருக்கும் கட்டத்தையே குறிவைக்கிறது. இளஞ்சிவப்புப் பேய் அவன் செல்லும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கிறது. இதற்கும் நீங்கள் ஆடிக் கண்டறிந்தது சான்றாகாது. அச்சில் வெளிவந்த நேர்காணலையோ ஆய்வையோ தேடிச் சேர்த்துவிட்டு, வெற்றி பெறும் உத்திகளின் பட்டியல் இருந்தால் தயங்காமல் நீக்குங்கள்.