பெட்டிக்கும் விதி உண்டா? ‘டெஸ்டின்ட்’ பற்றிக் கேள்வி பதில்

சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர்களுக்குப் பல வருடங்களாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், கொஞ்சம் மொழிபெயர்ப்பும் செய்கிறேன். இம்முறை ‘டெஸ்டின்ட்’ (destined) என்ற ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

டீச்சர், நான் துவாஸில் கிடங்கு வேலை பார்க்கிறேன். பட்டியலில் ‘கார்கோ டெஸ்டின்ட் ஃபார் ஜகார்த்தா’ என்று வருகிறது. அகராதியில் ‘விதிக்கப்பட்ட’ என்று போட்டிருக்கிறது. சரக்குக்கு ஏது விதி?

சரக்குக்கு விதி இல்லை தம்பி, போய்ச்சேரும் ஊர் உண்டு. லத்தீனில் ‘டெஸ்டினாரே’ என்றால் அசையாமல் நிலைநிறுத்துவது, உறுதி செய்வது. இந்தப் பெட்டி இன்ன ஊருக்கு என்று உறுதி செய்தால் அது சேருமிடம். இந்தப் பணம் இன்ன காரியத்துக்கு என்று எடுத்துவைத்தால் அது நோக்கம். இந்த உயிருக்கு இன்னதுதான் என்று மேலே இருப்பவன் எழுதிவிட்டால் அது விதி. மூன்றிலும் முடிவெடுத்தவர் வேறு யாரோ. அதுவும் முன்கூட்டியே எடுத்துவிட்டார். சொல்லின் உயிர் இதில்தான் இருக்கிறது.

இந்த மூன்றையும் தமிழில் ஒரே சொல்லில் அடக்கப் பார்த்தால்தான் சிக்கல். சிங்கப்பூருக்கு வரும் கொள்கலன்களில் பெரும்பாலானவை இங்கே தங்குவதில்லை, கப்பல் மாறி வேறு துறைமுகத்துக்குப் போகின்றன. அவற்றுக்கு ‘ஜகார்த்தா செல்லும் சரக்கு’ என்றால் போதும். நம் குப்பையை எரித்த சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவுக்குப் போகிறதே, அதையும் ஆங்கிலத்தில் ‘டெஸ்டின்ட் ஃபார் செமாக்காவ்’ எனலாம். ‘செமாக்காவுக்கு விதிக்கப்பட்ட சாம்பல்’ என்று ஒருவர் மொழிபெயர்த்ததை நான் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ‘செமாக்காவில் கொட்ட அனுப்பும் சாம்பல்’ என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

எப்போது ‘ஃபார்’, எப்போது ‘டு’?

பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபார்’: ‘டெஸ்டின்ட் ஃபார் ஜகார்த்தா’, ‘டெஸ்டின்ட் ஃபார் கிரேட்னஸ்’. வினைச்சொல் வந்தால் ‘டு’: ‘டெஸ்டின்ட் டு வின்’. தமிழில் ஜகார்த்தாவுக்கு, வெல்வதற்கு என்று இரண்டிலும் ‘கு’ வந்துவிடுகிறது. நமக்குக் கைதவறுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மகன் தொடக்கநிலை 6. மூன்று மணிக்கு நூலகம் போவதை ‘ஐ ஆம் டெஸ்டின்ட் டு கோ டு த லைப்ரரி’ என்று எழுதினான். ஆசிரியர் அடித்துவிட்டார். இலக்கணம் சரிதானே, டீச்சர்?

இலக்கணம் சரிதான் அம்மா. ஆனால் நூலகத்துக்குப் போக முடிவு செய்தது அவனேதான். தானே தீர்மானிக்கிற காரியத்துக்கு இந்தச் சொல் ஒட்டாது, ‘கோயிங் டு’ போதும். பெரிய சொல் ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதிப் பார்த்திருக்கிறானே, அதற்காக அவனைப் பாராட்டுங்கள்.

ரயிலுக்கு ‘பவுண்ட் ஃபார்’ (bound for) என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பயணத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ‘பவுண்ட்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, புறப்படத் தயாரான என்று பொருள். கட்டுவது என்கிற ‘பைண்ட்’டோடு அதற்கு உறவில்லை. ‘பவுண்ட் டு’ என்றால் நடக்காமல் போகாது என்று அர்த்தம். டிசம்பர் பிற்பகலில் வானம் கறுத்தால் ‘இட்ஸ் பவுண்ட் டு ரெயின்’ என்பது இயல்பு. அங்கே ‘டெஸ்டின்ட்’ போட வேண்டாம்.

அலுவலகத் தோழியின் கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அனுதாப அட்டையில் ‘இட் வாஸ் டெஸ்டின்ட்’ என்று எழுதலாமா அக்கா?

தயவுசெய்து வேண்டாம். துக்க வீட்டில் ‘விதி, என்னம்மா செய்யறது’ என்று நாம் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், கையைப் பிடித்திருக்கிறோம். ஆறுதலில் பாதி அந்தக் கைதான். அட்டையில் கை இல்லை. அவர் சாக வேண்டும் என்று யாரோ முன்பே குறித்துவைத்தது போல அந்த வரி மட்டும் தனியாக நிற்கும். ‘ஐ ஆம் ஸோ சாரி’ என்று எழுதி, அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு நல்ல விஷயத்தைச் சேருங்கள்.

கல்யாண அழைப்பிதழில் ‘வீ வேர் டெஸ்டின்ட் டு மீட்’ என்று தாராளமாக எழுதலாம். நம் ‘கொடுப்பினை’யின் ஈரம் அதில் கொஞ்சம் இருக்கிறது.

வரலாற்றுக் கட்டுரையில், 1819ல் ராஃபிள்ஸ் வந்து இறங்கிய தீவை ‘டெஸ்டின்ட் டு பிகம் எ கிரேட் போர்ட்’ என்று எழுதினேன். சரியா?

ஆங்கிலம் சரி. பின்னால் நடந்தது தெரிந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொல்வதற்கு இது பழகிய நடைதான். இருந்தாலும் நானாக இருந்தால் எழுதமாட்டேன். தீவின் தலையெழுத்து என்றதும் மூட்டை சுமந்தவர்களும் சாலை போட்டவர்களும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். நம் ஆட்களும் அவர்களில் இருந்தார்கள். ‘லேட்டர் பிகேம்’ என்று எழுதிவிட்டு, எப்படி ஆனது, யார் உழைத்தார்கள் என்று அடுத்த வரியில் சொல்லுங்கள்.

உச்சரிப்பு ‘டெஸ்டைன்ட்’ தானே?

இல்லை. ‘டெஸ்-டின்ட்’. அழுத்தம் முதல் அசையில்.