உறுப்பினர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

கேள்வி: மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர், நாடாளுமன்றத்தில் கட்சிக் கொறடாவின் (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்குக் கட்சி சார்பில் உத்தரவிடுபவர்) உத்தரவுப்படியே வாக்களிக்கிறார். கட்சிகளே இல்லாமல் ஒவ்வொருவரும் மனச்சாட்சிப்படி வாக்களித்தால் மக்களாட்சி மேலும் செழிக்காதா?

பதில்: தங்கள் ஆதங்கம் நியாயமானது, ஆனால் கட்சிகளை ஒழிப்பது அதற்கு மருந்தாகாது. நாடாளுமன்ற முறையில் அவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் அமைச்சரவை நீடிக்கும். நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள் அன்றன்றைக்குத் தனித்தனியே முடிவெடுத்தால் எந்த ஆட்சியும் நிலைக்காது. நிறைவேறிய வரிக்கோ நிறைவேறாத வாக்குறுதிக்கோ யார் பொறுப்பு என்று கேட்க வாக்காளருக்கு ஓர் ஆள்கூட இருக்க மாட்டார். தேர்தல் அறிக்கையை முன்வைத்து, அதற்காக அடுத்த தேர்தலில் மொத்தமாகத் தண்டிக்கப்படக்கூடிய அமைப்பு கட்சி மட்டுமே.

கட்டுப்பாடு எவ்வளவு என்பதில்தான் சிக்கல். பிரிட்டனில் கொறடா தம் கட்சி உறுப்பினர்களுக்கு வாரந்தோறும் அனுப்பும் அலுவல் குறிப்பில், ஒரு பொருளுக்கு அடியில் மூன்று கோடுகள் இருந்தால் கட்டாயம் வந்து கட்சியின் நிலைப்படி வாக்களிக்க வேண்டும் என்று பொருள். 2019 செப்டம்பரில் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) தொடர்பான வாக்கெடுப்பில் ஆளுங்கட்சியினர் 21 பேர் அதை மீறினார்கள். கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்களே தவிர, அவர்களது உறுப்பினர் பதவி பறிபோகவில்லை.

இந்தியாவில், 1985-இல் அரசியலமைப்பில் 52-ஆவது திருத்தம் சேர்த்த பத்தாவது அட்டவணையின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியையே இழக்க நேரிடும். கட்சித் தாவலைத் தடுக்கும் நோக்கம் சரியானதே. ஆயினும் ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் நிதி மசோதாக்களுக்கும் அப்பால் இந்தக் கட்டு வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

அதைவிட முக்கியமானது, தாங்கள் கேட்காத இன்னொன்று: வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சீட்டு தலைமையின் கையில் மட்டும் இருந்தால், கொறடா உத்தரவிடுவதற்கு முன்பே உறுப்பினர் அடங்கிவிடுவார். ஜெர்மனியின் அரசியலமைப்பான 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம், கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக நெறிகளுக்கு இணங்க வேண்டும் என்று 21-ஆவது பிரிவில் விதிக்கிறது. அந்நாட்டுத் தேர்தல் சட்டப்படி, தொகுதி வேட்பாளரை அங்குள்ள கட்சி உறுப்பினர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வாறு வந்தவர் தலைமையோடு மாறுபட்டுப் பேசினாலும், மறுமுறை அவருக்கு வாய்ப்பளிப்பதா என்று முடிவு செய்பவர்கள் அவரது தொகுதியிலேயே இருக்கிறார்கள்.