டைல்ஸ் மூடிய வெந்நீர் வாய்

கேள்வி: குளியலறையில் டைல்ஸ் ஒட்டிய கொத்தனார், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து தரும் மிக்சருக்கான வெந்நீர்க் குழாயின் வாயையும் மூடிவிட்டார். பச்சைத் தண்ணீர் வாய் மட்டும் தெரிகிறது. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாமிரபரணியில் குளித்த ஊருக்கு வெந்நீர் எதற்கு என்று கேட்கமாட்டேன், மார்கழியில் எனக்கும் வேண்டும்தான். காந்தம் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க்குத்தான் ஆகும், அம்மா. இப்போது சுவருக்குள் பெரும்பாலும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய்தான். குழாயைத் திருப்பும் எல்போ இணைப்பின் மரைப் பகுதி மட்டும் பித்தளை. பித்தளை காந்தத்துக்கு மசியாது. உலோகம் காட்டும் சுவர் ஸ்கேனர் அதைக் காட்டும். விலைக்கு வாங்காதீர்கள், எலெக்ட்ரீஷியனிடம் இரவல் கேளுங்கள்.

முதலில் அளக்கும் டேப்பை எடுங்கள். சுவர் மிக்சருக்கு இரு வாய்களுக்கும் நடுவிலிருந்து நடு 6 அங்குலம், அதாவது 150 மி.மீ. வெந்நீர் வழக்கமாக இடப்பக்கம். அங்கே ஸ்கேனரை மெல்ல நகர்த்தி, ஒலி உச்சத்துக்குப் போகும் புள்ளியில் பென்சிலால் குறியுங்கள். வெப்பப் படக் கேமரா என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். அடைத்த வாய்க்கு வெந்நீர் ஓடாதபோது அது எதைக் காட்டும்?

குறித்த இடத்தில் துளையிடும் முன் மாடித் தொட்டி வால்வை மூடி, கீசர் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். மிச்சம் இரண்டு டைல்ஸாவது வீட்டில் இருக்கிறதா, அதையும் கொத்தனார் அள்ளிக்கொண்டு போய்விட்டாரா?