மெய்நிகர் அறுவைப் பயிற்சி: பயிற்சி மருத்துவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அறுவையைக் கணினியில் பழகும் இயந்திரமான சிமுலேட்டரில் செலவிடும் நேரத்தை அறுவை அரங்கில் செலவிட்டால் கூடுதலாகக் கற்கலாம் அல்லவா?

பதில்: அரங்கில் நிற்பது வேறு, கருவியைப் பிடிப்பது வேறு. சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் அறுவையான லேப்ராஸ்கோபியில், வயிற்றுச் சுவரிலுள்ள துளையை அச்சாகக் கொண்டே கருவி திரும்புகிறது. கையை வலப்பக்கம் நகர்த்தினால் முனை இடப்பக்கம் போகும். பார்ப்பதோ ஆழம் தெரியாத தட்டைத் திரையில். இந்தத் தலைகீழ்க் கணக்கு கைக்குப் பழகும்வரை வரும் தடுமாற்றத்தை, மயக்கத்தில் கிடக்கும் நோயாளி ஏன் சுமக்க வேண்டும்?

கேள்வி: இயந்திரத்தில் பெற்ற திறமை நோயாளியிடம் கைகொடுக்கும் என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: உண்டு. 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்கள் பங்கேற்றார்கள். மெய்நிகர் பயிற்சி பெற்றவர்கள் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரிக்கும் வேலையை 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பக்கத்துத் திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. வேகத்தைவிட இந்த இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியம்.

கேள்வி: திசுவைத் தொடும் உணர்வே இல்லை. விளையாட்டுபோல இருக்கிறது.

பதில்: நியாயமான குறை. இழுவிசையைக் கைக்கு உணர்த்தாத சிமுலேட்டரில் மட்டுமே பழகினால், எவ்வளவு இழுக்கலாம் என்ற அளவு பிடிபடாது. முடிச்சுப் போடுவதையும் தையலையும் உண்மையான ஊசி நூலோடு பெட்டிப் பயிற்சியில், அதாவது துளையிட்ட பெட்டிக்குள் உண்மையான கருவிகளை விட்டு, செய்யுங்கள். இரண்டும் வேண்டும்.

கேள்வி: தலையில் மாட்டும் திரையால் குமட்டல் வருகிறது.

பதில்: வந்த உடனே கழற்றிவிடுங்கள், பொறுத்துக்கொண்டு தொடர வேண்டாம். லேப்ராஸ்கோபி சிமுலேட்டர்கள் பலவற்றுக்குச் சாதாரணத் திரையே போதும்.

கேள்வி: துறையில் சிமுலேட்டர் வாங்கி வைத்தோம். முதலில் ஆர்வமாக வந்தவர்கள் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. இளையவர்களுக்கு அக்கறை இல்லையா?

பதில்: இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். இரவுப் பணி முடித்தவரிடம் ‘நேரம் கிடைத்தால் பழகுங்கள்’ என்றால் அவர் தூங்கத்தான் போவார், போகவும் வேண்டும். பணி அட்டவணையிலேயே பயிற்சிக்கு நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் வார்டிலிருந்து அழைக்காதீர்கள். ‘இத்தனை மணி நேரம்’ என்பதற்குப் பதிலாகத் தேர்ந்தவர் எட்டும் அளவை இலக்காக வையுங்கள். அதை எட்டியவருக்கு அரங்கில் கருவியைக் கையில் கொடுங்கள். அப்படி ஒரு வாய்ப்பு காத்திருக்கிறது என்று தெரிந்தால் அவர்களே வருவார்கள். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்காரவும் வேண்டும். கருவிமுனை எவ்வளவு தூரம் அலைந்தது என்று இயந்திரம் எண்ணாகக் காட்டும். இடக்கை திசுவைச் சரியாக விரித்துப் பிடிக்காததால்தான் வலக்கை அலைந்தது என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.