மைக் யார்? – கடிதம்

வணக்கம்.

இந்த சீசனில்தான் அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கினேன். எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் பந்தை எறியும் குவாட்டர்பேக் எதிரணியில் ஒருவரைக் கைகாட்டி “54 மைக், 54 மைக்” என்று கத்துகிறார். பட்டியலில் தேடினால் அந்த 54ஆம் எண்காரர் பெயர் மைக் இல்லை. வர்ணனையிலோ நிக்கல், டைம் என்று சில்லறைக் காசுப் பேச்சு. பழைய ஆட்டங்களைப் பற்றிப் படித்தால் ‘ஸ்டீல் கர்ட்டன்’, ‘ஹாக்ஸ்’ என்று கூட்டமாகப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது ஏன் எப்போதும் முன்வரிசைத் தடியர்களுக்கே கிடைக்கிறது? ‘46 டிஃபென்ஸ்’ என்பது நான்கு பேர், ஆறு பேர் என்ற கணக்கா? இந்தப் பெயர்களுக்கு யாராவது உரிமை கொண்டாட முடியுமா?

ஆர்.,
திருச்சி

அன்புள்ள ஆர்.,

மைக் என்பது ஆளின் பெயரல்ல, வேலையின் பெயர். தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் வழக்கமாக மூன்று பேர். எதிரணியின் டைட் எண்ட், அதாவது லைனை ஒட்டி நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர், நிற்கும் பக்கம் பலமான பக்கம். அங்கே நிற்பவர் சாம். நடுவில் மைக். ஆள் குறைந்த மறுபக்கத்தில் வில். ஸ்ட்ராங், மிடில், வீக் என்ற சொற்களின் முதலெழுத்தை எடுத்து ஆண்பிள்ளைப் பெயராக்கிவிட்டார்கள். மூன்றும் ஒரே அசை, மூன்றிலும் ஒலி வேறு. எழுபதாயிரம் பேர் கத்தும் மைதானத்தில் ஒன்றை இன்னொன்றாகக் கேட்டுவிட வாய்ப்பில்லை.

நீங்கள் கேட்ட கூச்சலில் வரும் மைக் மட்டும் கொஞ்சம் வேறு. குவாட்டர்பேக்கைக் காக்க அவர் முன்னால் அவர் அணியின் ஐந்து தடுப்பாளர்கள்; இவர்கள்தான் லைன். எதிரே முன்வரிசையில் நான்கு பேர் என்று வையுங்கள். பின்னாலிருந்து பாய்ந்து வரக்கூடியவர்களில் ஐந்தாவது தடுப்பாளர் யாரைக் கவனிப்பது? அதைத்தான் குவாட்டர்பேக் அறிவிக்கிறார். “54 மைக்” என்றால் அந்த நால்வரும் 54ஆம் எண்காரரும் ஐவர் பொறுப்பு; வேறு லைன்பேக்கர் பாய்ந்தால், பந்தோடு ஓடுபவரான ரன்னிங் பேக் பிடித்தாக வேண்டும். கைகாட்டப்படுபவர் எதிரணியின் கணக்கில் மைக்காக இருக்க வேண்டும் என்பதே இல்லை. பாயப்போகிறவர் போல நிற்கும் சேஃப்டியை, அதாவது பின்வரிசைக்காரரைக்கூட மைக் என்று அறிவிப்பது உண்டு.

கோளாறு வருவதும் இங்கேதான். 54 பாய்வது போல முன்னால் வந்து நிற்பார். பந்து குவாட்டர்பேக்கின் கைக்கு வந்ததும் பின்வாங்கிவிடுவார். லைனின் நடுவில் நிற்கும் சென்டர் ஆளில்லாத இடத்தைக் காத்துக்கொண்டிருக்க, மறுபக்கத்திலிருந்து இரண்டு பேர் சேர்ந்து பாய்வார்கள். ரன்னிங் பேக் ஒருவரைத்தான் பிடிக்க முடியும். மற்றவர் நேரே குவாட்டர்பேக்கின் விலாவுக்கு வருவார். இப்படிக் குவாட்டர்பேக்கை வீழ்த்துவதற்குப் பெயர் ‘சாக்’. ‘லைன் சரியில்லை’ என்று வீட்டிலிருந்து நாம் திட்டும் பல ‘சாக்’களில் லைன் மேல் குற்றமே இருக்காது. பயிற்சியாளர் ஹெல்மெட் ரேடியோ வழியாக உதவலாமே என்று தோன்றும். பந்தை ஆட்டத்துக்கு விடக் கெடு வைக்கும் கடிகாரத்தில் 15 வினாடி மீதியிருக்கும்போது ரேடியோ துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு தொண்டையும் கையும்தான்.

காசு விஷயம் எளிது. தடுக்கும் அணியின் பின்வரிசையில் வழக்கமாக நான்கு பேர். ஐந்தாவது ஆளை இறக்கினால் நிக்கல், அதாவது ஐந்து சென்ட் நாணயம். ஆறாவது ஆளும் வந்தால் டைம். கூடுதலாக வந்தவர் இரண்டு பேர், இரண்டு நிக்கல் சேர்ந்தால் பத்து சென்ட். இடம் கொடுத்து வெளியேறுபவர் பெரும்பாலும் சாம். இப்போது பாதிக்கு மேற்பட்ட நேரம் அணிகள் நிக்கலில்தான் ஆடுகின்றன. அதனால் சாம் பாதி ஆட்டத்துக்குப் பெஞ்சில் இருப்பார்.

46 எண்ணிக்கையே அல்ல. முன்வரிசை எத்தனை, லைன்பேக்கர் எத்தனை என்று 4-3, 3-4 எனப் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். சிகாகோ பேர்ஸ் அணியின் சேஃப்டி டக் பிளாங்க்கின் சட்டை எண் அது. அந்த வியூகத்தை வகுத்த பயிற்சியாளர் பட்டி ரயன் அவர் எண்ணையே அதற்குப் பெயராக வைத்தார். அந்த வியூகம் உச்சம் தொட்ட 1985 சீசனில் பிளாங்க் அணியிலேயே இல்லை. பிளேஆஃபில் இரண்டு அணிகளைப் புள்ளியே எடுக்கவிடாமல் அனுப்பிவிட்டு, இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தை 46-10 என்று சிகாகோ வென்றது. அந்த 46 தற்செயல்.

இனி முன்வரிசைத் தடியர்கள். ‘எப்போதும்’ என்று சொல்லிவிட முடியாது. 1924 அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில் நோட்ர டேம் கல்லூரி ராணுவ அணியை 13-7 என்று வென்றது. தாக்கி ஆடும்போது லைனுக்குப் பின்னால் நிற்கும் அதன் நால்வரைப் பைபிளில் வரும் நான்கு குதிரைவீரர்களாக வர்ணித்துப் பத்திரிகையாளர் கிராண்ட்லண்ட் ரைஸ் எழுதினார். கல்லூரியின் விளம்பர வேலையைப் பார்த்த மாணவர் ஜார்ஜ் ஸ்ட்ரிக்லர், ஊர் திரும்பியதும் நால்வரையும் சீருடையோடு நிஜக் குதிரைகள் மேல் ஏற்றிப் படம் எடுக்க வைத்தார். அந்தப் படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. பெயர் நிலைத்ததில் ரைஸின் வரிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அந்தக் குதிரைகளுக்கும் உண்டு என்பேன். அதே அணியின் முன்வரிசை ஏழு பேருக்குக் கிடைத்த பெயர் ‘ஏழு கோவேறு கழுதைகள்’.

இருந்தாலும் தொழில்முறை ஆட்டத்தில் நீங்கள் கவனித்தது சரி. காரணம், அவர்களுக்குப் புள்ளிவிவர எண் கிடையாது என்பது. ஓடுபவருக்கு யார்டு, எறிபவருக்கு யார்டு, பிடிப்பவருக்கு டச்டவுன். முன்வரிசைக்காரர் செய்வதை எதில் அளப்பது? சாக் என்பதையே தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 1982இல்தான் அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியது. அந்தச் சொல்லைப் பரப்பிய டீக்கன் ஜோன்ஸ் 1974இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். லீக்கின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அவர் பெயருக்கு ஒரு சாக்கூட இல்லை. எண் இல்லாதவரைப் பற்றி எழுத நிருபருக்குப் பெயராவது வேண்டுமே. பிட்ஸ்பர்க்கின் ‘ஸ்டீல் கர்ட்டன்’, உள்ளூர் வானொலி நடத்திய போட்டியில் வந்தது. மினசோட்டாவின் ‘பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்ஸ்’, ஊதாச் சட்டையை வைத்து 1958இல் வந்த வேடிக்கைப் பாட்டிலிருந்து எடுத்தது. மயாமியின் ‘நோ நேம் டிஃபென்ஸ்’ இன்னும் வேடிக்கை. டாலஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி அவர்கள் பெயர்கள் நினைவில்லை என்று சொல்லப்போய், அதுவே பெயராகிவிட்டது. 1972 சீசனில் ஆடிய 17 ஆட்டத்திலும் மயாமி தோற்கவில்லை.

பெயர் ஊர் மாறுவதும் உண்டு. ‘ஃபியர்சம் ஃபோர்சம்’ (அச்சமூட்டும் நால்வர்) என்றால் இன்று எல்லோரும் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸைத்தான் சொல்வார்கள். அதற்கு முன் அது டெட்ராய்ட் அணியின் முன்வரிசை நால்வருக்கும் இருந்தது. ராம்ஸின் ரோஸி கிரியருக்கு 1967இல் காயம் பட்டபோது அவர் இடத்துக்கு வந்த ரோஜர் பிரவுன், டெட்ராய்ட் நால்வரில் ஒருவர்.

‘ஹாக்ஸ்’ வாஷிங்டனின் தாக்கும் முன்வரிசை. 1982 பயிற்சி முகாமில் பயிற்சியாளர் ஜோ பியூகல் தன் ஆட்களைப் பன்றிகளே என்று செல்லமாகக் கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது. தாக்கும் லைனுக்கு இவ்வளவு புகழ் அதற்கு முன் கிடைத்ததில்லை. அந்த சீசனின் சூப்பர் பவுலில் எதிரே மயாமி. அதன் தடுப்பாட்டத்துக்கும் ‘கில்லர் பீஸ்’ என்று ஒரு பட்டப்பெயர், பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர் ‘பி’யில் தொடங்கியதால். நான்காம் பாகத்தில் ஒரு யார்டு தேவைப்பட்ட, கடைசி வாய்ப்பான நான்காவது டவுனில் வாஷிங்டனின் ஜான் ரிகின்ஸ் இடப்பக்கமாக 43 யார்டு ஓடினார். வாஷிங்டன் 27-17 என்று வென்றது. ரிகின்ஸுக்கு 166 யார்டு. வழி திறந்துவிட்டவர்களுக்குப் புள்ளிவிவரத்தில் ஒரு வரிகூட இல்லை.

பெயருக்கு உரிமை கொண்டாடவும் முடியும். ரசிகர்களைப் பன்னிரண்டாவது ஆட்டக்காரராகச் சொல்லும் ‘டுவெல்த் மேன்’ என்ற பெயரை டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 1990இல் வணிகமுத்திரையாகப் பதிந்துவிட்டது. தன் ரசிகர்களைச் சியாட்டில் அணி அப்படி அழைத்ததால் வழக்கு வந்தது. 2006இல் சமரசமாகி, அனுமதிக்குச் சியாட்டில் பணம் கட்டியது. இப்போது அங்கே ரசிகர்களைப் பெரும்பாலும் ‘டுவெல்வ்ஸ்’ என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.