கணினி அறிவியல் திருப்புதல்: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பாடக்குறிப்புகளை வண்ணக் கோடிட்டு மூன்று முறை படித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கிறது. தேர்வில் எழுத வரவில்லை. ஏன்?

பதில்: கண்ணுக்குப் பழகிய வரியை மூளை அடையாளம் கண்டுகொள்கிறதே தவிர, அதைத் தானாக வரவழைக்கப் பழகவில்லை. உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடியும் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை என்பதால், குறிப்பை மூடிவைத்துவிட்டு வெற்றுத்தாளில் எழுதுங்கள். எழுத முடியாமல் நின்ற இடத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

கேள்வி: நிரலைக் கணினியில் இயக்கிப் பார்த்தால் புரிகிறது. “இதன் வெளியீடு என்ன?” என்று தாளில் கேட்டால் தவறுகிறேன். இதற்கு என்ன துணைக்கருவி உண்டு?

பதில்: ஒரு பென்சிலும் கட்டம் போட்ட தாளும் போதும். நிரலில் உள்ள ஒவ்வொரு மாறிக்கும் (மதிப்பைச் சேமிக்கும் பெயருக்கும்) ஒரு நெடுவரிசை, வெளியீட்டுக்கு ஒரு நெடுவரிசை என்று அட்டவணை வரைந்து, ஒரு மாறியின் மதிப்பு மாறும்போதெல்லாம் புதிய வரியில் எழுதிக்கொண்டே செல்ல வேண்டும். பழைய மதிப்பை அழிக்கக் கூடாது, ஏனெனில் எந்தச் சுற்றில் பிழை நுழைந்தது என்பதை அதுதான் பின்னர் காட்டிக்கொடுக்கும்.

எடுத்துக்காட்டாக, பைதான் நிரல்மொழியில் ரேஞ்ச்(1, 5) என்று தொடங்கும் ஃபார் மடக்கில் (ஒரே கட்டளையை எண் எண்ணாகத் திரும்பச் செய்யும் பகுதியில்), ஒவ்வொரு சுற்றிலும் அதன் எண்ணை, 0 என்று தொடங்கிய கூட்டுத்தொகையில் சேர்ப்பதாகக் கொள்வோம். மனக்கணக்காகச் செய்பவர்களில் பலர் 15 என்று எழுதிவிடுகிறார்கள். அட்டவணையில் எழுதினால் 1, 3, 6, 10 என்று நான்கே வரிகள் வரும். மேல் எல்லையான 5 மடக்குக்குள் நுழைவதே இல்லை என்பது கண்முன்னே தெரிந்துவிடும். அட்டவணையை முடித்த பிறகே கணினியில் இயக்குங்கள். விடையை முதலில் பார்த்துவிட்டால், அதற்கு ஏற்றபடி அட்டவணையை நிரப்பிவிடும் ஆசையிலிருந்து யாரும் தப்புவதில்லை. திருப்புதலுக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்த அட்டவணைப் பழக்கத்தையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

கேள்வி: நினைவட்டைகளில் வரையறைகளை எழுதி வைத்திருக்கிறேன். அது சரியான முறைதானா?

பதில்: வரையறை தேவைதான், ஆனால் அதோடு நின்றால் அட்டை பாதிப் பயன்தான் தரும். “இரும தேடல் என்றால் என்ன?” (விடை: வரிசைப்படுத்திய பட்டியலின் நடு உறுப்போடு ஒப்பிட்டு, தேவையில்லாத பாதியை ஒதுக்கிக்கொண்டே தேடும் முறை) என்ற அட்டைக்குப் பக்கத்தில், “வரிசைப்படுத்தாத பட்டியலில் அது ஏன் செல்லாது?” என்றும், “1000 உறுப்புகளில் அதிகபட்சம் எத்தனை முறை ஒப்பிட வேண்டியிருக்கும்?” என்றும் இரண்டு அட்டைகள் சேருங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் பட்டியல் பாதியாகிறது, 2இன் பத்தாம் அடுக்கு 1024, ஆகவே விடை 10 என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால் அந்தப் பாடம் உங்களுடையதாகிவிட்டது. அட்டைகளை அடுக்குவதற்கு, செபாஸ்டியன் லைட்னர் 1972இல் முன்வைத்த பெட்டி முறை இன்றும் நன்றாகப் பயன்படுகிறது: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போய்ச் சில நாள் இடைவெளி விட்டு வரும், தவறிய அட்டை முதல் பெட்டிக்கே திரும்பி நாளையே வரும்.

கேள்வி: இரண்டின் நிரப்பு முறையில் எதிர்ம எண்களை 0, 1 ஆகிய பிட்டுகளாக எழுதுவது மட்டும் மறந்துகொண்டே இருக்கிறது.

பதில்: விதியை மனப்பாடம் செய்வதற்கு முன், தாளின் மேலே –128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எட்டு இடமதிப்புகளை எழுதிவிடுங்கள். –37 வேண்டுமென்றால், 37க்கான 00100101இல் உள்ள பிட்டுகளில் 0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றினால் 11011010. அதோடு 1 கூட்டினால் 11011011. இப்போது 1 உள்ள இடமதிப்புகளைக் கூட்டுங்கள்: –128 + 64 + 16 + 8 + 2 + 1 = –37. முதல் இடம் மட்டும் எதிர்ம மதிப்புடையது என்பது மனத்தில் பதிந்துவிட்டால், தேர்வறையிலேயே உங்கள் விடையை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் விடைகளைக் கேட்டுப் படிக்கலாமா?

பதில்: விடை கேட்காதீர்கள், வினா கேளுங்கள். ஒரு பிழை ஒளிந்திருக்கும் பத்து வரி நிரலைத் தரச் சொல்லி, நீங்கள் கண்டுபிடித்த பிறகு விளக்கம் பெறுங்கள். அது தரும் விளக்கமும் தவறாக இருக்கக்கூடும் என்பதால், பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

கேள்வி: பழைய வினாத்தாள்களை எப்போது தொடங்குவது?

பதில்: பாடம் முழுவதும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், முடித்த பகுதிகளுக்கான வினாக்களை இப்போதே எடுத்துச் செய்யலாம். ஆனால் அண்மைய இரண்டு தாள்களையாவது தொடாமல் ஒதுக்கிவைத்து, கடைசி வாரங்களில் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுங்கள். திருத்தும்போது மதிப்பெண் வழங்கும் குறிப்பையும் படியுங்கள்: “விளக்குக” என்ற வினாவுக்குக் காரணம் எழுதாமல் பெயரை மட்டும் எழுதிய விடைகளில்தான், பாடம் தெரிந்த மாணவர்களும் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.